பெட்டிக்குள் பாட்டு... வாசலில் பூட்டு!

டாட், மினிடிஸ்க், சிடி-ஆர்... ‘என்றும் அழியாது’ என்று நம்பிப் பதிந்த இசை, வீட்டுப் பரண்களில் ஊமையாகிக்கொண்டிருக்கிறது. மீட்கும் வழி இருக்கிறது. நேரம்தான் குறைவு.

மேற்கு மாம்பலத்தில் சித்தப்பா வீடு. பரணிலிருந்து இறக்கிய பச்சை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை மூக்கில் ஏறியது. பட்டுப்புடவை இருக்க வேண்டிய இடத்தில், பழைய வேட்டியில் சுற்றி, குட்டிக் குட்டிக் கேசட்டுகள். நாம் பார்த்துப் பழகிய கேசட்டில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான அளவு. ஒவ்வொன்றின் முதுகிலும் சித்தப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. நான் எடுத்ததில் ‘27.12.96. மாலைக் கச்சேரி. கல்யாணி - ராகம் தானம் பல்லவி’ என்றிருந்தது.

“நாற்பத்திரண்டு இருக்குடா. எண்ணி வெச்சிருக்கேன். பத்து வருஷமா ஒண்ணுகூடக் கேக்கலை” என்றார்.

அவருடைய கையடக்க டாட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) ரெக்கார்டர், சோனியின் டிசிடி-டி8, சிங்கப்பூரிலிருந்து மச்சினர் வாங்கி வந்தது. நாலு பென்சில் பேட்டரி போட்டோம். கேசட்டை விழுங்கியது. உள்ளே ஏதோ சுழலும் மெல்லிய ரீங்காரம். அடுத்த நொடி தம்புரா. அதன்மேல் வயலின். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு மார்கழி மாலை, இம்மியும் இரைச்சல் இல்லாமல் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. சித்தப்பா கண்ணை மூடித் தொடையில் விரலை மடக்கத் தொடங்கிவிட்டார். ஆலாபனை முடிந்தது, தானம் முடிந்தது. பல்லவியை எடுப்பதற்கு முன் பாடகர் மூச்சிழுப்பதுகூடக் கேட்டது.

‘டக்’.

அவ்வளவுதான். இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை, எதுவுமே இல்லை. கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு நிமிஷம் கழித்து ஒலி திரும்பியபோது அரங்கம் கைதட்டிக்கொண்டிருந்தது. எதற்கு என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ரீவைண்ட் செய்து மூன்று முறை போட்டோம். மூன்று முறையும் அதே இடத்தில் அதே மௌனம். “பல்லவி போயிடுத்து” என்றார் சித்தப்பா, உறவில் யாரோ தவறிப்போனதைச் சொல்லும் குரலில்.

ஏன் இப்போது?

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 1980களின் தொடக்கத்திலிருந்து சுமார் 25 ஆண்டுகள் உலகம் தன் இசையைப் பதிந்துவைத்த டிஜிட்டல் ஊடகங்கள் ஒவ்வொன்றாகக் கடையைக் கட்டிவருகின்றன. டாட் இயந்திரங்களைச் சோனி 2005 கடைசியில் கைவிட்டது. பதிவு செய்யக்கூடிய மினிடிஸ்க் தயாரிப்பை 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. 1992இல் பிறந்த மினிடிஸ்க், 32 வயதில் கண்ணை மூடியது.

ஒலி, ஒளி-ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் யுனெஸ்கோவும் சேர்ந்து 2019இல் ‘காந்த நாடா எச்சரிக்கை’ என்றே ஒரு திட்டம் தொடங்கின. நாடாக்களை ஓட்டும் இயந்திரங்கள் 2025க்குப் பிறகு அரிதாகிவிடும் என்பதே அதன் சாரம். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் அதற்கு முன்பே ‘கெடு 2025’ என்று தலைப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. காலண்டரில் அந்தத் தாளையும் கிழித்தாகிவிட்டது.

இந்த எச்சரிக்கைகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நாடா கெடுவதைவிட, நாடாவைப் படிக்கும் கருவியும் அதைப் பழுதுபார்க்கும் கையும் மறைவதைத்தான் அவை பெரிய ஆபத்தாகச் சொல்கின்றன. சாவி தொலைந்தால், பெட்டி எவ்வளவு திடமாக இருந்து என்ன?

இருமலும் மாரடைப்பும்

சித்தப்பாவிடம் 1970களின் ஸ்பூல் டேப்புகளும் உண்டு. அவை இன்றும் பாடுகின்றன. இரைச்சலுண்டு, சுருதி லேசாக ஆடும், உச்ச ஸ்தாயியில் மங்கல். ஆனாலும் பாடுகின்றன. அவற்றைவிட இருபது வயது இளைய டாட் ஏன் வாயடைத்துப் போனது?

டாட் நாடாவில் இருப்பவை எண்கள். ஒவ்வொரு நொடியையும் 48,000 கூறாக்கி, ஒவ்வொரு கூறுக்கும் ஓர் எண் எழுதுகிறது கருவி. 4 மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள நாடா, நொடிக்கு 8 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. அத்தனை எண்களும் அந்த நத்தை வேகத்துக்குள் அடங்க வேண்டும். அதற்காக, வீடியோ டெக்கில் இருப்பதுபோல் 30 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளை ஒன்று நிமிஷத்துக்கு 2,000 முறை சுழன்று, நாடாவில் சாய்வாகக் கோடு கோடாக எழுதுகிறது. ஒரு கோட்டின் அகலம் 13.6 மைக்ரான். ஒரு தலைமுடிக்குள் நாலைந்து கோடுகள் அடங்கிவிடும்.

இவ்வளவு நெருக்கமாக எழுதினால் தூசியும் பூஞ்சையும் சில எண்களை அழிக்கத்தான் செய்யும். அதற்காகவே, விடுபட்ட எண்ணைக் கணக்குப் போட்டு மீட்கும் உபரிக் குறிப்புகளும் நாடாவில் உண்டு. ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கக் கணிதவியலாளர்கள் 1960இல் தந்த முறை அது. சிறு சேதம் என்றால் நம் காதுக்கு எட்டாமலே சரியாகிவிடும். சேதம் கொஞ்சம் கூடினால், கருவி அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து ஊகித்து நிரப்பும். அதற்கும் மேலே போனால் ஒலியை அணைத்துவிடும்.

ஆக, அனலாக் நாடா முதுமையில் இருமிக்கொண்டே இருக்கும். நமக்குச் சேதி தெரியும், வைத்தியம் பார்க்கலாம். டிஜிட்டல் நாடா கடைசி நாள்வரை கல்லுக்குண்டு போலத் தெரியும். ஒருநாள் மாரடைப்பு.

மினிடிஸ்க்கின் கதை நேரெதிர். அதில் எழுதும்போது லேசர் கதிர் தட்டின் ஒரு புள்ளியைச் சுட வைக்கும். அந்தச் சூட்டில்தான் அதன் காந்தத் திசையை மாற்ற முடியும். ஆறிவிட்டால் அறை வெப்பத்தில் எளிதில் அசைக்க முடியாது. தட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கூடு வேறு. தட்டு நீண்ட நாள் உழைக்கும். பிளேயரின் மோட்டாரும் லேசரும்தான் முதலில் போகும்.

■ பெட்டிச் செய்தி: உங்கள் பரணில் என்ன இருக்கிறது?

பிசிஎம் அடாப்டர் வழியே பதிந்த நாடா (1970களின் கடைசி, 80கள்): பார்த்தால் பீட்டாமேக்ஸ் வீடியோ கேசட். டிவியில் போட்டால் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் நடுங்கும். ‘படம் கெட்டுவிட்டது’ என்று எறிந்துவிடாதீர்கள். அந்தப் புள்ளிகள்தான் இசை.

டாட் (1987): பொதுவாக 2 மணி நேரம். கச்சேரி ரசிகர்களும், ஆய்வாளர்களும், இறுதி மாஸ்டருக்காக ஸ்டுடியோக்களும் பயன்படுத்தியது.

ஏடாட் (1992): எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் 8 டிராக். சுமார் 40 நிமிஷம்.

மினிடிஸ்க் (1992): 6.4 சென்டிமீட்டர் தட்டு. 60, 74, 80 நிமிஷம். ஒலித் தகவலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் பதியும்.

டிசிசி (1992-96): ஃபிலிப்ஸின் டிஜிட்டல் கேசட். பழைய கேசட்டையும் அதே டெக்கில் கேட்கலாம். நாலே வருஷத்தில் படுத்துவிட்டது.

சிடி-ஆர்: வீட்டுக் கணினியில் ‘பர்ன்’ செய்தது. பெரும்பாலும் 74 அல்லது 80 நிமிஷம்.

பூட்டுப் போட்டவர்கள்

டிஜிட்டலின் உண்மையான வரம் தெளிவான ஒலி அல்ல. படியெடுக்கும்போது தேயாது என்பதுதான். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற்றினால் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு படி இறங்கும். எண்களைப் படியெடுத்தால், ஆயிரமாவது படியும் முதல் படியும் ஒன்றே. ஒரு வீடு எரிந்தாலும், ஒரு ஊர் மூழ்கினாலும் இன்னோர் இடத்தில் அதே இசை முழுசாக இருக்கும்.

இசைத்தட்டு நிறுவனங்களை நடுங்க வைத்ததும் அதே வரம்தான். 1987இல் டாட் வந்தவுடன் அமெரிக்க நிறுவனங்கள் கொதித்தெழுந்தன. சிபிஎஸ் நிறுவனம் ‘காப்பிகோட்’ என்று ஒரு யோசனை சொன்னது. எல்லா இசையிலும் 3,838 ஹெர்ட்ஸ் சுருதியைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டையை வெட்டி எடுத்துவிடுவது. அந்த ஓட்டையைக் கண்டால் ரெக்கார்டர் பதிய மறுக்கும். பியானோவின் உச்சக் கட்டைகளுக்கு நடுவே விழும் சுருதி அது. திருடனைப் பிடிக்க, எல்லார் வீட்டுச் சுவரிலும் ஓட்டை போடுகிற கதை. அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பு 1988இல் சோதித்துப் பார்த்து, ஒலியைக் கெடுக்கிறது, வேலையும் செய்யவில்லை என்று தள்ளிவிட்டது. இதில் வேடிக்கை, அதே ஆண்டுத் தொடக்கத்தில் சிபிஎஸ்ஸின் இசைத்தட்டுப் பிரிவை விலைக்கு வாங்கியது டாட்டை உருவாக்கிய சோனியே.

அடுத்து வந்த பூட்டு நிலைத்தது. ஒரு டிஜிட்டல் படி எடுக்கலாம். அந்தப் படியிலிருந்து இன்னொரு படி எடுக்கக் கூடாது. பதிவோடு சேர்ந்து பயணிக்கும் ஒரு குறிப்பு இதை அமல்படுத்தும். 1992இல் அமெரிக்கா இதைச் சட்டமாக்கியது. வீட்டு உபயோக டிஜிட்டல் ரெக்கார்டர் ஒவ்வொன்றிலும் இந்தப் பூட்டு கட்டாயம். அத்தோடு கருவிக்கும் வெற்று நாடாவுக்கும் உரிமைத் தீர்வை. நீங்களே பாடி, நீங்களே மைக் வைத்துப் பதிந்தாலும் வீட்டுக் கருவி அதையும் சந்தேகக் கேஸாகவே நடத்தியது. பேரன் படியெடுத்த பாட்டி பாட்டுக்குக் கொள்ளுப்பேரன் படியெடுக்க முடியாது!

மினிடிஸ்க்கில் இன்னும் விசித்திரம். 2001இல் கணினியோடு இணைக்கும் வசதி வந்தது. ஆனால் ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து தட்டுக்குப் பாட்டு போகும். தட்டில் நீங்கள் மைக் வைத்துப் பதிந்தது கணினிக்குத் திரும்பாது. பழைய தட்டுகளின் பதிவைக் கணினிக்கு அனுப்ப விட்ட எம்இசட்-ஆர்எச்1 என்ற மாடல் 2006இல் வந்தபோது, ஊரே எம்பி3க்கு மாறியிருந்தது. பூட்டைத் திறந்த அந்த ஒரு மாடலைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டுத் தேடுகிறார்கள். அண்மைக்காலத்தில் ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள், சோனியின் வேறு சில பழைய மாடல்களிலிருந்தும் தகவலை அப்படியே உருவித் தருகிறது. கம்பெனி மூடிய கதவை ரசிகர்கள் நெம்புகோல் போட்டுத் திறந்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் ‘கிரேட்ஃபுல் டெட்’ இசைக்குழு, தன் கச்சேரிகளை ரசிகர்கள் பதிந்துகொள்ளட்டும் என்று 1984இல் அரங்கிலேயே தனி இடம் ஒதுக்கியது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. கேசட்டில் தொடங்கியவர்கள் டாட்டுக்கு மாறினார்கள், பிறகு கணினிக்கு. இன்று அந்தக் குழுவின் ஆயிரக்கணக்கான கச்சேரிப் பதிவுகள் ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ தளத்தில் இருக்கின்றன. படியெடுக்க விட்டவர்களின் இசை பிழைத்துக் கிடக்கிறது.

பொங்கலில் நெய்யைப் பிரிப்பது

வீட்டில் போனது ஒரு பல்லவி. ஸ்டுடியோவில் போவது வேறு வகை.

ஏடாட்டுக்கு முன், பல டிராக்கில் டிஜிட்டலாகப் பதிவது பெரிய ஸ்டுடியோக்களுக்கு மட்டுமே கட்டுப்படியான காரியம். அலெசிஸ் நிறுவனம் 1991 ஜனவரியில் ஏடாட்டை அறிவித்தபோது விலை 3,995 டாலர். 16 இயந்திரங்களைக் கோத்தால் 128 டிராக். அடுத்து டாஸ்காமின் டிஏ-88 வந்தது. அதற்கு ஹை-8 வீடியோ கேசட். படுக்கையறைகள் ஸ்டுடியோக்கள் ஆன காலம் இது. 90களின் இசையில் கணிசமான பங்கு இப்படி வீடியோ கேசட்டில்தான் பிறந்தது.

இன்று பழைய ஆல்பங்களை அட்மாஸ் சுற்றொலிக்கு மாற்றி மறுபடி வெளியிடும் காலம். அதற்குக் குரல் தனியாக, தபலா தனியாக, வயலின்கள் தனியாக வேண்டும். அந்தத் தனித்தனி டிராக்குகள் இருப்பது ஏடாட் கேசட்டில். அது ஓடவில்லை என்றால், எல்லாம் கலந்த ஸ்டீரியோ பிரதி ஒன்றுதான் மிச்சம். செயற்கை நுண்ணறிவு பிரித்துத் தருமே என்பார்கள். ஓரளவு தரும். வெண்பொங்கலில் மிளகைப் பொறுக்கிவிடலாம். நெய்யைப் பிரிக்க முடியுமா?

‘எங்களுடையது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது’ என்று நிம்மதிப்படுவோருக்கும் ஒரு செய்தி. இசை நிறுவனங்களின் பெட்டகங்களைப் பராமரிக்கும் அயர்ன் மவுண்டன் நிறுவனம் 2024இல் சொன்ன கணக்கு: தங்களிடம் மீட்புக்கு வரும் 90களின் ஹார்ட் டிஸ்க்குகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றைப் படிக்கவே முடியவில்லை.

தியேட்டரிலும் இதே கதை. 1993இல் ‘ஜுராசிக் பார்க்’ படத்தோடு அறிமுகமான டிடிஎஸ்ஸில், ஒலி படச்சுருளில் இல்லை. சுருளின் ஓரத்தில் நேரக் குறிப்பு மட்டும் இருக்கும். ஒலி தனியாக சிடி-ராம் தட்டுகளில் வரும். 90களின் கடைசியில் நம்மூர்த் தியேட்டர் வாசல்களில் ‘டிடிஎஸ்’ போர்டு தொங்காத இடம் உண்டா? அந்தப் பிரிண்ட் இருந்து தட்டு தொலைந்திருந்தால், நாம் விசிலடித்துக் கேட்ட அந்தப் பல திசை ஒலி கிடையாது. பிரிண்டிலேயே அவசரத்துக்கென்று அச்சிட்ட பழைய பாணி ஒலித்தடம்தான் கதி.

■ பெட்டிச் செய்தி: 44,100 எங்கிருந்து வந்தது?

சிடியில் ஒரு நொடிக்கு 44,100 கூறுகள். ஏன் சுலபமாக 44,000 என்று இல்லை? சிடிக்கு முன்பு டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் எழுதினார்கள். ஜப்பான், அமெரிக்க டிவி முறையில் ஒரு நொடிக்கு 60 புலங்கள் (அரைப் படங்கள்). ஒவ்வொன்றிலும் பயன்படுத்தத்தக்க 245 வரிகள். ஒரு வரியில் 3 கூறுகள். 60 × 245 × 3 = 44,100. ஐரோப்பிய முறையில் 50 × 294 × 3. அதுவும் 44,100. வீடியோ டேப் செத்துவிட்டது. அதன் கணக்கு உங்கள் செல்போன் பாட்டில் இன்னும் ஓடுகிறது.

ரிச்சி தெருவில் ஒரு நாள்

சித்தப்பாவின் கருவியை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். கெபாசிட்டர் முதல் கேமரா லென்ஸ் வரை கிடைக்கும் தெரு. முதல் கடையில், “இது என்ன, வாய்ஸ் ரெக்கார்டரா சார்?” மூன்றாவது கடையில் ஒரு இளைஞர் தயக்கமில்லாமல் வாங்கிப் பிரித்தார். பஞ்சில் திரவத்தைத் தொட்டு, பழைய கேசட் பிளேயரில் துடைப்பதுபோல் ஹெட்டை மேலும் கீழுமாகத் தேய்க்கப் போனார். கையைப் பிடித்துவிட்டேன். சுழலும் உருளையில் ஹெட் என்பது கண்ணுக்குத் தெரியாத சிறு துண்டு. செங்குத்தாகத் தேய்த்தால் பிய்ந்து வந்துவிடும். உருளை சுழலும் திசையில் மட்டுமே துடைக்க வேண்டும். அவர் மேல் தப்பில்லை. அவர் பிறந்தபோதே இந்தக் கருவிக்கு அந்திமம் ஆரம்பித்திருக்கும்.

கடைசியில், மாடிப்படி இருட்டில் ஒரு பெரியவர். வீடியோ டெக் காலத்து ஆள். ஸ்க்ரூ டிரைவரால் ரப்பர் உருளையை நெருடிப் பார்த்தார். கண்ணாடி போலப் பளபளத்திருந்தது. பளபளத்தால் பிடிமானம் போச்சு என்று அர்த்தமாம். கிரீஸ் கெட்டியாகிப் பிசினாகியிருந்தது. சுத்தம் செய்து கொடுத்தார். “இன்னொரு செட்டு கிடைச்சா, ஓடாட்டியும் வாங்கிப்போடுங்க. ஸ்பேருக்கு ஆகும்” என்றார். உலகமே இப்போது அப்படித்தான் ஓடுகிறது. ஒரு டாட் கருவி உயிர்வாழ இன்னொரு டாட் கருவி உறுப்பு தானம் செய்ய வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பதிந்த கருவியின் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தால், அந்த நாடா அந்தக் கருவியில் மட்டுமே பாடும். சரியான கருவியில் பாடாது. எனவே கேசட்டை வைத்துக்கொண்டு கருவியை எடைக்குப் போட்டவர்கள், சில சமயம் இரண்டையுமே எடைக்குப் போட்டவர்களாகிறார்கள்.

‘சிடியில ஏத்தியாச்சு’

2000த்துக்குப் பிறகு பல வீடுகளில் கேட்ட வாசகம் இது. கல்யாணக் கேசட், தாத்தாவின் உபன்யாசம், அரங்கேற்றம் எல்லாம் சிடி-ஆரில் ஏறி, மூலம் குப்பைக்குப் போனது.

கடையில் வாங்கும் சிடியில் குழிகள் அச்சாக இருக்கும். சிடி-ஆரில் இருப்பது ஒரு சாயப் படலம்; லேசர் அதைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. சாயம் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கும். கீழ்ப்பக்கக் கீறலுக்கு நாம் பயப்படுகிறோம். உண்மையில் மேல்பக்கம்தான் மென்மையானது. அங்கே உலோகப் படலத்துக்கும் நம் நகத்துக்கும் நடுவே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. ‘அம்மா-அப்பா சஷ்டியப்தபூர்த்தி’ என்று பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும், அழகான ஸ்டிக்கர் ஒட்டியதும் தட்டுக்கு நாமே செய்த வினை.

யாருடைய பாட்டு?

சபாவில் மடியில் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது சட்டப்படி சரியா? இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தம் கலைஞர்களுக்கு ‘நிகழ்த்துவோர் உரிமை’ தந்தது. இன்று அது நிகழ்ச்சி நடந்த ஆண்டைத் தொடர்ந்து 50 ஆண்டுகள் நீடிக்கும். பதிபவர் தன் சொந்த உபயோகத்துக்கும், நேர்மையான கற்பித்தல், ஆய்வுக்கும் பதிந்தால் அது மீறல் ஆகாது என்று விலக்கும் இருக்கிறது. விற்பதும், யூடியூபில் ஏற்றுவதும் வேறு விஷயம்.

இதனால் ஒரு விநோத நிலை. கலைஞரிடம் தன் கச்சேரியின் பதிவு இல்லை. சபாவிடமும் இல்லை. இருப்பது, கலைஞருக்குச் சொல்லவே கூச்சப்படும் ஒரு ரசிகரின் டிரங்குப் பெட்டியில். கர்நாடக இசையில் ஒரு பல்லவி அந்த மேடையில், அந்த மாலையில் மட்டும் பிறப்பது. மறுபடி பாடினாலும் அது வேறு பல்லவி. கலைஞரையோ வாரிசையோ தேடிப்போய், “உங்களுடையது என்னிடம் இருக்கிறது, ஒரு படி தரட்டுமா?” என்று கேட்பது ரசிகருக்கும் கௌரவம், இசைக்கும் காப்பு.

பெரிய அளவில் செய்யவும் இடங்கள் உண்டு. 1982இல் தொடங்கிய, இப்போது குருகிராமில் இயங்கும் இன இசையியல் ஆவண, ஆய்வு மையம், களப்பதிவுகளைக் காப்பதற்கென்றே இருக்கிறது. ஆனால் ஆவணக் காப்பகம் உங்கள் பரணில் ஏறிப் பார்க்காது. முதல் அடியை வீட்டுக்காரர்தான் எடுக்க வேண்டும்.

■ பெட்டிச் செய்தி: வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

1. முதலில் பட்டியல். தேதி, இடம், கலைஞர், கருவி. கெட்டதாகத் தெரியும் நாடாவை முதலில் போட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்ததையும் கெடுக்கும். நல்லதிலிருந்து தொடங்குங்கள்.

2. ஹெட்போன் துளையிலிருந்து பதியாதீர்கள். கருவியின் டிஜிட்டல் அவுட்டிலிருந்து கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு எண்களாகவே அனுப்புங்கள்.

3. இன்டர்ஃபேஸின் ‘கிளாக்’கை வெளிக்கருவியைப் பின்பற்றும்படி மாற்றுங்கள். மறந்தால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் பதிவு முழுக்க விழும். நாடா 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் கோப்பும் 48தான்.

4. வேவ் வடிவில் சேமியுங்கள். 2 மணி நேர டாட்டுக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. எம்பி3 உறவினருக்கு அனுப்ப மட்டும்.

5. குறுக்குவழி கிடையாது. 2 மணி நேர நாடாவுக்கு 2 மணி நேரம். கூடவே உட்கார்ந்து கேளுங்கள்.

6. 3 படிகள், 2 வகை ஊடகம், அதில் 1 வேறு ஊரில். மூல நாடாவை எறியாதீர்கள்.

நங்கநல்லூரில் கிடைத்த பல்லவி

கருவி சரியாகி வந்த பிறகும் 27.12.96 கேசட்டில் பல்லவி ஊமையாகவே இருந்தது. நாடாவைத் திறந்து பார்த்தால் அந்த இடத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்து, ஓரம் சுருண்டிருந்தது. மற்ற நாற்பத்தொன்றில் முப்பத்தேழு முழுசாக ஏறின. ராத்திரி ராத்திரியாக, நாலு வாரம்.

ஒருநாள் சித்தப்பா திடீரென்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். “அந்தக் கச்சேரிக்குப் பக்கத்து சீட்ல ஒக்காந்திருந்தவன் நங்கநல்லூர்ல இருக்கான். மறுவாரம் எங்கிட்ட காப்பி கேட்டான். குடுத்தேன்.”

சித்தப்பாவின் டாட்டிலிருந்து ஒளிக்கம்பி வழியாக 1997 ஜனவரியில் எடுத்த மினிடிஸ்க் படி. பூட்டு அனுமதித்த அந்த ஒரே ஒரு தலைமுறை. நண்பர் வீட்டு ஷோகேஸில், கொலு பொம்மைகளுக்குப் பின்னால், டெக்கோடு பத்திரமாக இருந்தது. அவருடைய டெக்கிலிருந்து இன்னொரு மினிடிஸ்க்குக்கு டிஜிட்டலாகப் படியெடுக்க முயன்றால் பூட்டு குறுக்கே நிற்கும். என் இன்டர்ஃபேஸ் அந்தப் பூட்டுக் குறிப்பைப் பொருட்படுத்தவில்லை.

தானம் முடிந்தது. அந்த மூச்சு. பிறகு பல்லவி எழுந்தது. ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்ட ஒலிதான். தம்புராவின் நாதம் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனால் ஒரு ஸ்வரம் குறையவில்லை. மூன்றாவது காலத்தில் மிருதங்கக்காரர் ஒரு கோர்வையை வைத்து, பாடகரோடு சரியாக எடுப்பில் வந்து விழுந்தார். அரங்கம் கைதட்டியது. எதற்கு என்று இப்போது தெரிந்தது.

நண்பர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றே மூன்று படி எடுத்தோம். ஒன்று மாம்பலம், ஒன்று நங்கநல்லூர், ஒன்று பெங்களூரில் தங்கை வீடு. மூன்று ஹார்ட் டிஸ்க்குகளின் முதுகிலும் சித்தப்பா மார்க்கர் பேனாவால் எழுதினார், அதே முத்து முத்தான கையெழுத்தில்: ‘அடுத்த படி - டிசம்பர் 2030.’